மறுமொழி: ‘விஷுவோமோட்டார் கோஆர்டினேஷன்’ – வழியா, இசைவா?

அன்பர்களுக்கு வணக்கம். கண் பார்ப்பதும் உடல் அசைவதும் ஒன்றோடொன்று பொருந்தி நடப்பதைக் குறிக்கும் ‘விஷுவோமோட்டார் கோஆர்டினேஷன்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் என் கருத்து இது.

இழையின் தொடக்கத்தில் வந்த ‘காட்சி இயக்க ஒருங்கிணைப்பு’ என்பதை முதலில் கழித்துவிடலாம். காட்சி என்பது கண்ணுக்கு எதிரே இருப்பது. பார்வை என்பது கண்ணின் தொழில். நமக்கு வேண்டியது தொழில். தவிர, ‘காட்சி இயக்கம்’ என்று தனியே படித்தால் யாரோ திரைப்படம் எடுக்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

‘ஒருங்கிணைப்பு’ மீதும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. கோஆர்டினேஷன், இன்டெக்ரேஷன் இரண்டுக்கும் அந்த ஒரே சொல்லைத்தான் புழங்குகிறோம். வேறு துறைகளில் போகட்டும் என்று விடலாம். இங்கே இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் வரும். வட்டம், சதுரம், முக்கோணம் என்று படம் காட்டி, பார்த்து வரையச் சொல்லிக் குழந்தையைச் சோதிக்கிறார்களே, அதற்கு இன்டெக்ரேஷன் என்று பெயர். ‘ஒருங்கிணைப்பு’ அதற்கே இருக்கட்டும்.

நேற்று ஓர் அன்பர் தந்த ‘பார்வைவழி இயக்கம்’ அழகான சொல். ஊசியில் நூல் கோப்பவரைப் பாருங்கள்: கண் முதலில் காதில் போய் நிற்கிறது, நூல் முனை பிறகுதான் வந்து சேர்கிறது. நான்கைந்து மாதக் குழந்தை கிலுகிலுப்பையை எட்டிப் பிடிப்பதும் அப்படித்தான். கண் வழிகாட்டுகிறது, கை பின்செல்கிறது. இதையே ஏற்றுக்கொள்ளலாம் என்று பாதி மடல் எழுதியும்விட்டேன்.

பிறகு பந்து நினைவுக்கு வந்தது. மூன்று வயதுக் குழந்தைக்குப் பந்தைத் தூக்கிப் போட்டால் இரண்டு கைகளையும் தட்டு ஏந்துவதுபோல் விறைப்பாக நீட்டிக்கொண்டு நிற்கும். பந்து நெருங்கும்போது முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொள்ளும். பந்து மார்பில் மோதிய பிறகே கைகள் அணைக்கும். சில ஆண்டுகள் கழித்து அதே குழந்தை பந்து காற்றில் இருக்கும்போதே விரல்களை விரித்துவிடும். பார்வைக் கூர்மை இடையில் அவ்வளவு ஒன்றும் மாறிவிடவில்லை. பல நூறு முறை தவறவிட்ட கைதான், பார்த்ததை எப்படிக் கணக்கிடுவது என்று கண்ணுக்குப் பாடம் சொல்லியிருக்கிறது.

1963இல் உளவியல் ஆய்வாளர்கள் ஹெல்டும் ஹைனும் வெளியிட்ட பூனைக்குட்டிச் சோதனையை இங்கே பலர் அறிவீர்கள். இருட்டில் வளர்த்த இரண்டு குட்டிகள், ஒரே ராட்டினம். ஒன்று தன் காலால் நடந்து சுற்றியது. மற்றது அந்த இழுப்பிலேயே தொட்டிலில் அமர்ந்து சுற்றியது. இரண்டின் கண்ணிலும் பட்டவை ஏறக்குறைய ஒன்றே. ஆனால் மேசை விளிம்பை நோக்கி மெல்ல இறக்கியபோது நடந்த குட்டி முன்பாதத்தை நீட்டியது, சவாரி செய்த குட்டி நீட்டவில்லை. அதை அவிழ்த்து வெளிச்சத்தில் ஓடவிட்ட பிறகுதான் அதற்கும் அது கைவந்தது. பார்வை இயக்கத்தை நடத்துகிறது என்றால், இயக்கமும் பார்வையைப் பழக்குகிறது. ‘வழி’ ஒருவழிப் பாதை. இந்தக் கொடுக்கல் வாங்கலை அது தாங்காது.

ஆகவே கோஆர்டினேஷனுக்கு ‘இசைவு’ என்கிறேன். ‘ஒத்திசைவு’ வேண்டாம்; கணினிக்காரர்கள் அதை வேறு பொருளில் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். கையோடு நிற்கும் இடங்களில் ‘கண்கை இசைவு’. ஆனால் கையோடு மட்டும் முடிகிற விஷயம் இல்லையே: புதிதாக நிற்கப் பழகிய குழந்தையைச் சுற்றியுள்ள சுவர்களை மட்டும் நகர்த்தினால், தரை அசையாமல் இருந்தும் அது தள்ளாடி விழுகிறது. லீயும் அரான்சனும் 1974இல் காட்டியது இது. எனவே பொதுச்சொல் ‘பார்வை இயக்க இசைவு’. ‘பார்வைவழி இயக்கம்’ வீணாகாது. பார்வை நடத்தும் அசைவை மட்டும் குறிக்கும் இடத்துக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது.

இன்னொன்று. நடப்பது, ஓடுவது போன்ற உடலின் பெரிய அசைவுகளைக் குறிக்கும் ‘கிராஸ் மோட்டார்’ என்பதற்கு இழையில் ‘பருவியக்கம்’ (பரு + இயக்கம்) என்றது சரியான ஆக்கம்தான். ஆனால் படிப்பவர் பருவ இயக்கம் என்று பிரித்துவிடுவார். ‘பேரியக்கம்’ என்றால் கட்சி ஊர்வலம் வந்துவிடும். சேர்த்து எழுதாமல் ‘பெரு இயக்கத் திறன்’, விரல்களின் சிறு அசைவுகளுக்கு ‘நுண் இயக்கத் திறன்’ என்று விட்டுவிடுவோமா?

---

மறுமொழி:

ஐயா, ‘இசைவு’ என்றதும் எனக்கு இசைவுக் கடிதம்தான் நினைவுக்கு வருகிறது. இருந்தாலும் ஏற்கிறேன், வேறொரு காரணத்தால். பார்வையற்ற குழந்தையும் ஓசை வரும் பொருளை நோக்கிக் கை நீட்டுகிறது, சில மாதங்கள் தாமதமாக. அங்கே ‘செவிகை இசைவு’ என்று மாற்றிக்கொள்ள உங்கள் சொல் இடம் கொடுக்கிறது. ‘பெரு இயக்கம்’ மட்டும் இன்னும் உறுத்துகிறது. ‘பெருந்தசை இயக்கம்’ என்றால் என்ன?