பூண்டு வாசம்

மன்னார்குடி பக்கம் ஒரு தனியார் நெல் கிடங்கில் ஆறு வருடம் மேற்பார்வையாளராக இருந்தேன். ஒரு ஐப்பசியில், மழை விட்டபாடில்லை. பூச்சிக்கு அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்து, அட்டியை, அதாவது நெல் மூட்டை அடுக்கை, படுதாவால் மூடி, ஓரமெல்லாம் மணல் பை வைத்தோம். ஏழு நாள் யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுத் தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். வாயால் சொன்னதோடு சரி, தேதி எழுதிப் பலகை மாட்டவில்லை.

திரும்பி வந்த அன்றே ஆய்வு. தீயணைப்பு வாளிகளுக்கெல்லாம் புதுப் பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள். வந்த அதிகாரி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாசலிலேயே நின்று, “என்ன, பூண்டு வாசம் அடிக்குது?” என்றார். “பக்கத்துல சமையல் சார்” என்றார் எங்கள் கணக்கர். “முதல்ல எல்லாரையும் வெளியில வரச் சொல்லுங்க!”

ஐந்தாம் நாளே லாரி வந்துவிட்டதால், மூலையில் படுதாவைத் தூக்கி மூட்டை எடுத்திருக்கிறார்கள். இரண்டு பேருக்குக் காலையிலிருந்தே தலைவலி, வாந்தி. தீபாவளிப் பலகாரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டு அதோடு மூட்டை தூக்கியிருக்கிறார்கள்! உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் பிழைத்தார்கள்.

3 கிராம் மாத்திரை ஒன்று, காற்றிலுள்ள ஈரம் பட்டு 1 கிராம் பாஸ்பீன் என்ற விஷவாயுவைக் கக்கும். அந்தப் பூண்டு வாசம் அதனுடையதுதான். இதற்கு முறிவு மருந்து கிடையாது. வாசம் வந்தால் ஓட வேண்டியதுதான். ஆனால் வாசமே இல்லாமலும் வாயு இருக்கலாம், கருவி வைத்து அளந்தால்தான் தெரியும். எங்களிடம் கருவி இல்லை. அதிகாரி அதைத்தான் முதலில் எழுதினார்.

கும்பகோணத்திலிருந்து ஒரு பதில்:
மருந்து வைத்த பிறகு மிஞ்சும் சாம்பல் பொடியிலும் கவனம் வேண்டும் அண்ணே. எங்கள் கிடங்கில் ஒருவர் அதை வாளியில் அள்ளிக் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். குப்பென்று பற்றிக்கொண்டது. புருவம் கருகியதோடு போயிற்று.

நாகையிலிருந்து இன்னொரு பதில்:
எனக்கு வாயு அனுபவம் இல்லை, அட்டிதான். கூரை ஒழுகி அடிவரிசை மூட்டைகள் ஒரு பக்கம் நனைந்திருந்தன. அந்த மூலையில் அடியில் சவுக்குக் கட்டையும் போடவில்லை. சுமை தூக்கும் பெரியவர் ஒருவர் அட்டியைத் தடவிப் பார்த்து, “வயிறு தள்ளியிருக்கு தம்பி, இங்க யாரும் சாஞ்சு உக்காராதீங்க” என்றார். நாங்கள் தினமும் சாப்பிடுகிற இடம் அது. சிரித்துக்கொண்டே எழுந்து போனோம். மறுநாள் காலை கதவைத் திறந்தால் பாதி அட்டி தரையில். முந்தின நாள் நான் மறந்து வைத்துவிட்டு வந்த தூக்குவாளி அடியில் தட்டையாகக் கிடந்தது.