ஊருணியும் குளமும் ஒன்றா? டேக் போட்டு மாட்டிக்கொண்ட கதைகள்

2015 சென்னை வெள்ளத்தின்போதுதான், யார் வேண்டுமானாலும் வரைந்து திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் எனக்கு அறிமுகம். சில வருடம் கழித்து எங்கள் சிவகங்கைப் பக்கக் கண்மாய்களை வரைய உட்கார்ந்தேன். வரைகிற ஒவ்வொன்றும் என்ன என்று சொல்ல ஒரு 'டேக்', அதாவது வகைக்குறிப்பு, போட வேண்டும். எந்தப் பொருளுக்கு எந்த டேக் என்று இங்கே சட்டம் கிடையாது, யாரும் எதையும் எழுதலாம். ஆரம்பத்தில் அது பெரிய சுதந்திரமாகத் தெரிந்தது.

எங்கள் ஊர்க் கண்மாயைப் பார்த்தபோதுதான் வினை புரிந்தது. செயற்கைக்கோள் படம் கோடையில் எடுத்தது; தண்ணீரே இல்லை, உள்ளே முழுக்கச் சீமைக்கருவேலம். அதைப் பார்த்து வடபாதியைப் புதர்க்காடு என்று ஒருவர் வரைந்திருந்தார், தென்பாதியை விளைநிலம் என்று இன்னொருவர். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறுமனே 'ஏரி' என்று இருந்தது. எங்கள் ஊரில் ஏரி என்று யார் சொல்கிறார்கள்!

சரி, பேசி முடிவெடுப்போம் என்று நாங்கள் மூன்று பேர் கூடினோம். கண்மாய், ஏரி என்றால் 'நேச்சுரல்=வாட்டர்' (நீர்நிலை), கூடவே 'வாட்டர்=ரிசர்வாயர்' (நீர்த்தேக்கம்). வருடத்தில் பாதி நாள் வற்றிக் கிடப்பதால் 'இன்டர்மிட்டன்ட்=யெஸ்'. ஊருணியும் குளமும் சின்னவை, ஆகவே 'வாட்டர்=பாண்ட்' (குட்டை). ஒரே சாயங்காலத்தில் முடிந்துவிட்டது. அதுவே தப்பு.

எனக்கு அன்று கை சும்மா இருக்கவில்லை. வரைபடத் தரவைத் தேடி எடுக்கும் ஓவர்பாஸில் திருநெல்வேலிப் பக்கம் பெயரில் 'குளம்' என்று வரும் நீர்நிலைகளை எல்லாம் எடுத்து, வரைபடத்தைத் திருத்தும் ஜேஓஎஸ்எம் என்ற செயலியில் மொத்தமாக 'பாண்ட்' என்று மாற்றி, ஒரே சேஞ்ச்செட்டாக (திருத்தத் தொகுப்பாக) ஏற்றிவிட்டேன். மறுநாள் காலை அதன் கீழே ஒரு பின்னூட்டம்: "தம்பி, இது நெல்லுக்குப் பாயும் குளம். மடை இருக்கு, மறுகால் இருக்கு. நேரில் வந்து பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. நாங்கள் கண்மாய் என்பதைத்தான் அவர்கள் குளம் என்கிறார்கள். நிரம்பிய தண்ணீர் வழிந்து வெளியேறும் இடத்தை நாங்கள் கலுங்கு என்போம், அவர்களுக்கு அது மறுகால். மொத்தமாக மாற்றும் முன் அந்தப் பகுதிக்காரர்களிடம் கேட்க வேண்டும் என்ற விதியையும் அப்போதுதான் படித்தேன். எல்லாவற்றையும் பழையபடி திருப்ப இரண்டு ராத்திரி ஆனது. இப்போது பெயரைப் பார்த்து டேக் போடுவதில்லை. மடை வைத்துப் பாசனத்துக்கு விடுகிறார்களா என்று மட்டும் கேட்கிறேன். உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

இலங்கையின் வன்னியிலிருந்து:
அண்ணை, நல்ல வேளை நீங்கள் எங்கட பக்கம் வரவில்லை. பெரிய பாசன நீர்த்தேக்கமான இரணைமடுவும் எங்களுக்குக் குளம்தான்! அதைப் போய்க் குட்டை என்று போட்டால் கிளிநொச்சி விவசாயிகள் சும்மா விடமாட்டினம். இன்னொன்று, இங்கே ஊர்ப் பெயர்களே குளத்தில் முடியும். கனகராயன்குளம் ஏ9 வீதியில் இருக்கும் ஊர். முன்பு ஒருவர் இப்படியான ஊர்ப்புள்ளி ஒன்றை நீர்நிலை என்று மாற்றி வைத்திருந்தார். பெயர் விசயத்தில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றையும் தனித்தனிப் புலத்தில் எழுதுகிறோம். பொதுவான 'நேம்' புலத்தில் எது வரவேணும் என்பதில்தான் கதை முடியவில்லை.

கோவையிலிருந்து:
என்னுடையது சாலைக் கதை. 'ஹைவே=அன்கிளாசிஃபைட்' என்று பார்த்ததும், பாவம் யாரும் வகைப்படுத்தாமல் விட்டுவிட்டார்கள் போல என்று நினைத்து, ஒரு ஒன்றியம் முழுவதும் 'ரெசிடென்ஷியல்' (குடியிருப்புத் தெரு) ஆக்கிவிட்டேன். அது பிரிட்டனின் சாலை வகைப்பாட்டிலிருந்து வந்த சொல், ஊரையும் ஊரையும் இணைக்கும் சின்னச் சாலைக்குத்தான் அந்தப் பெயர் என்று பிறகு ஒருவர் பொறுமையாக விளக்கினார். வகை தெரியாவிட்டால் 'ஹைவே=ரோட்' என்று தனியாக ஒன்று இருக்கிறதாம். ஒற்றையடிப் பாதைக்கும் ஹைவே என்றே எழுதுகிற இடத்தில் நான் எதை நம்புவது?

முதலில் எழுதியவன்:
இரணைமடுவைப் படித்ததும் வயிறு கலங்கியது. அப்புறம் ஒரு சந்தேகம். எங்கள் பக்கம் ஒரு கண்மாயின் பாதி வீட்டுமனை ஆகிவிட்டது. கரையும் மடையும் அப்படியே இருக்கின்றன, மழை வலுத்தால் தண்ணீரும் வருகிறது. வீடுகளை வரைந்துவிட்டேன். நீரின் எல்லையைக் கரை வரை விடுவதா, வீட்டுச் சுவரோடு நிறுத்துவதா?