சாம்பல் நீரா, அலசுநீரா?

நண்பர்களே,

பேரூராட்சிக் கையேட்டுக்கான சொற்பட்டியலில் மற்ற எல்லாம் முடிந்துவிட்டது. 'கிரே வாட்டர்', அதாவது கழிப்பறைத் தண்ணீர் நீங்கலாக வீட்டில் குளித்து, துவைத்து வெளியேறும் தண்ணீர், அதற்கான தமிழ்ச்சொல் மட்டும் மூன்று நாளாக இழுத்துக்கொண்டிருக்கிறது. நேற்று வந்த மடலிலிருந்து தொடங்குகிறேன்.

> சாம்பல் நீர் என்றே வைத்துவிட்டுப் போகலாமே. ஏற்கெனவே பலரும் எழுதுகிறார்கள்.

எழுதுகிறார்கள்தான் ஐயா. அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "சாம்பல் போட்டுப் பாத்திரம் தேச்ச தண்ணியா?" என்று கேட்டார். அவர் காலத்துக்கு அது பொருத்தமான சொல்லாகவே இருந்திருக்கும். இப்போது விறகடுப்பும் இல்லை, சாம்பலும் இல்லை. கழிப்பறைத் தண்ணீரைக் கறுப்பு என்று ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டார்கள். அதற்கும் நல்ல தண்ணீருக்கும் நடுவில் சாம்பல் நிறம் வந்து உட்கார்ந்தது. நாம் தண்ணீரை அப்படி நிறம் பார்த்துப் பிரிப்பதில்லை. என்ன செய்த தண்ணீர் என்றுதான் கேட்போம்.

'இளங்கழிவுநீர்' வேண்டாம். கழிவு என்று பெயர் வைத்தபின் அதை வாழைக்கு விடச் சொன்னால் யார் விடுவார்கள்?

> கழுநீர் என்று அழகான பழைய சொல் இருக்கிறதே!

எனக்கும் ஆசைதான். ஆனால் அரிசி களைந்த தண்ணீர் அது. எங்கள் பக்கம் கழனித்தண்ணி என்போம். மாட்டுத் தொட்டிக்குப் போகும். கையேட்டில் கழுநீர் என்று படித்துவிட்டு யாராவது வாஷிங் மெஷின் தண்ணீரை மாட்டுக்கு வைத்தால் என்ன ஆவது?

சொல்லுக்கு முன்னால் எல்லையை முடிவு செய்வோம். இந்தத் தண்ணீருக்கு எளிய விதி எழுதிய இடங்களில் அமெரிக்காவின் அரிசோனா ஒன்று. 2001இல் வந்த விதிப்படி, ஒரு வீடு நாளைக்கு 400 கேலன், அதாவது சுமார் 1,500 லிட்டர் வரை தனி அனுமதி வாங்காமலே தோட்டத்துக்கு விடலாம். குளியல், முகம் கழுவும் தொட்டி, துணி துவைப்பது மட்டும் கணக்கு. சமையலறைத் தொட்டித் தண்ணீர் சேராது. எண்ணெய்ப் பிசுக்கும் சோற்றுப் பருக்கையும் கலந்த தண்ணீர் சீக்கிரம் அழுகும். தெளிப்பான் வழியே விடவும் கூடாது, சொட்டாகவோ பாத்தியில் பாய்ச்சியோதான் விட வேண்டும். அங்கேயே டூசான் நகரில் 2010 ஜூன் முதல், புது வீடு கட்டும்போதே இதற்குத் தனிக் குழாய் பிரித்துவிட வேண்டும்.

நம் கணக்குக்கும் அந்த எல்லை ஒத்துவருகிறது. பாதாளச் சாக்கடை உள்ள ஊரில் ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்து நம் பொறியாளர்கள் பிரிக்கும்போது குளிக்க 55, துணிக்கு 20, பாத்திரத்துக்கு 10, கழிப்பறைக்கு 30, மீதி மற்ற வேலைகளுக்கு என்று போடுவார்கள். குளியலும் துணியும் மட்டுமே 75, பாதிக்கு மேல். நாம் பெயர் தேடுவது இந்த 75 லிட்டருக்கு.

ஒரு சொந்தக் கதை. போன கோடையில் எங்கள் மெஷின் குழாயை நேராக வாழை மூட்டுக்குத் திருப்பினேன். ஒரே மாதத்தில் மண்ணின் மேல் வெள்ளையாகப் பொரிந்து, இலை ஓரம் கருகியது. சலவைத்தூளில் இருக்கும் சோடியம் மண்ணை இறுக்கிவிடும் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். இன்னொரு தடவை டிரம்மில் பிடித்து இரண்டு நாள் வைத்தேன். மூடியைத் திறந்ததும் பக்கத்து வீட்டு அக்கா மதில் மேல் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, செத்த எலியா?" என்றார். அன்றன்றைக்கே விட்டுவிட வேண்டும். இதையும் கையேட்டில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

சரி, என் பரிந்துரை: அலசுநீர்.

துணி அலசுகிறோம், தலை அலசுகிறோம், வாளியை அலசி ஊற்றுகிறோம். துவைகல்லுக்குப் பக்கத்தில் பிறந்த சொல் என்பதால் விளக்கமே வேண்டாம். பாத்திரத் தண்ணீரை 'அடுக்களை நீர்' என்று தனியாக வைத்துக்கொள்ளலாம். நெல் வயலை ஈரமும் காய்ச்சலுமாக மாற்றி மாற்றி வைப்பதைக் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று சொல்கிறோமே, அதற்கு யாரும் அருஞ்சொற்பொருள் கேட்பதில்லை. அலசுநீரும் அப்படித்தான்.

---

> வினைத்தொகை இடிக்கிறதே. குடிநீர் என்றால் குடிக்கப்போகும் நீர். அப்படியானால் அலசுநீர், அலசப்போகும் நீர் ஆகாதா?

நியாயமான கேள்வி அம்மா. வினைத்தொகையில் மூன்று காலமும் ஒளிந்திருக்கும். எந்தக் காலம் என்பதை வழக்குதான் முடிவு செய்யும். குடிநீர் இனிக் குடிப்பது, கழுநீர் ஏற்கெனவே கழுவியது. இரண்டையும் குழப்பிக்கொண்டவர் யாருமில்லை. அப்படியும் ஐயம் இருந்தால் முதல் இடத்தில் மட்டும் 'அலசிய நீர்' என்று எழுதிவிட்டு அப்புறம் சுருக்கலாம்.

---

> குளித்த தண்ணீருக்கும் அலசுநீர் பொருந்துமா? உடம்பை யாரும் அலசுவதில்லை.

இந்த இடத்தில் மாட்டிக்கொண்டேன். தலையை அலசினால் உடம்பும் நனைகிறது என்பதைத் தவிர என்னிடம் வேறு வாதம் இல்லை. இதைவிடப் பொருத்தமாக யாரிடமாவது இருந்தால் வியாழனுக்குள் எழுதுங்கள்; வெள்ளிக்கிழமை கையேடு அச்சுக்குப் போகிறது. தண்ணீரைத் தோட்டத்துக்கும் சாக்கடைக்கும் மாற்றிவிடும் அந்த வால்வுக்கும் ஒரு பெயர் வேண்டும். எங்கள் குழாய்க்காரர் 'திருப்பி' என்கிறார்.