காங்கயம் – தாராபுரம் நடை: ஆடிக் காத்துல ரோட்டுக்கு எந்த ஓரம்?

கொறங்காட்டான்
ஆடிக் கிருத்திகைக்குப் பழனி நடக்கறவங்களுக்கு இந்த ஒரு நாள் தெரியும். வழியில ஊதியூருங்கற ஊரைத் தாண்டினா மறைப்பே கிடையாது. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து மேக்க இருந்து நேரா வலது விலாவுல வந்து மோதும். முன்னாடி ஒரு பெரியவர் இடது ஓரமா, காத்துக்கு முட்டுக் குடுத்த மாதிரி வலப்பக்கம் சாஞ்சே போயிட்டிருந்தாரு. பின்னாடி வந்த லாரி அவரை ஒட்டிக் கடந்த நொடி காத்து அறுந்துபோச்சு. தாங்கிட்டிருந்த காத்து இல்லாததால ஆள் அப்படியே லாரி மேல சரிஞ்சாரு. பின்சக்கரத்துக்கும் தோளுக்கும் ஒரு முழம் இருந்தாப் பெருசு. லாரி போனதும் காத்து திரும்ப அறைஞ்சு பள்ளத்துல தள்ளிருச்சு. இன்னும் கண்ணை விட்டுப் போகலைங்க.

அமராவதிக்கரை
அதுக்குத்தானுங்க வலது ஓரம்ங்கறது. எதிர்ல வர்ற வண்டி கண்ணுக்குத் தெரியும். காத்து காதுல இரையறப்ப பின்னாடி அடிக்கற ஹாரன் எங்க கேக்கும்? வண்டி உங்களுக்குக் கிழக்கால போறதால காத்தும் அறுபடாது.

உருமால்
மேல சொன்னது பாதிதான் சரி. வலது ஓரத்துல காத்து உங்களை ரோட்டுக்குள்ளயே தள்ளும். வெள்ளைக் கோட்டு மேல நடக்காதீங்க, கோட்டை விட்டு ரெண்டு எட்டு மண்ணுல நடங்க. கொடியைச் சுருட்டிக் கம்போட கட்டிருங்க. விரிச்ச கொடியும் குடையும் ஆளை இழுத்துட்டுப் போயிரும். காலை அகட்டி வெச்சு, எட்டைச் சுருக்கினா நிதானம் தப்பாது. வேட்டியை மடிச்சுக் கட்டாம விட்டா முழங்கால்ல சுத்தும்.

நேரம் ரொம்ப முக்கியமுங்க. விடியறதுக்கு முன்னாடி காத்து அடங்கியிருக்கும், வெயில் ஏற ஏறத்தான் வலுக்கும். 4 மணிக்குக் கிளம்பினா ஊதியூரை வெயிலுக்கு முன்னாடி எட்டிரலாம். மத்தியானம் எங்கயாவது படுத்துட்டு, பொழுது சாய்ஞ்ச பிறகு மீதியை நடக்கலாம். படுக்கறது தென்னைக்கடியில மட்டும் வேண்டாம். இந்தக் காத்துல காயும் மட்டையும் எப்ப விழும்னு சொல்ல முடியாது.

வேர்வை தோல்ல நிக்காமக் காஞ்சுரும். அதனால வேர்க்கலைன்னு நெனச்சுத் தண்ணி குடிக்காம விட்டுருவாங்க, சாயங்காலம் கெண்டைக்கால் இழுத்துக்கும். தாகம் எடுக்குதோ இல்லையோ, அரைமணிக்கு ஒருதரம் நாலு மடக்கு. நடுவுல உப்புப் போட்ட மோர். கண்ணுல மண் விழுந்தாக் கசக்கவே கூடாது, கருவிழி கீறிக்கும். உள்ளங்கையில தண்ணி ஏந்தி, அதுக்குள்ள கண்ணைச் சிமிட்டணும். சாதாரணக் கண்ணாடியில பக்கவாட்டுல புழுதி புகுந்துரும், வெல்டிங் கடையில போடற மூடுன வெள்ளைக் கண்ணாடி தேவலை.

கிளுவை
உக்கார்ற இடத்தைப் பத்தி யாருமே பேசலியே. காம்பவுண்டுச் சுவருக்குப் பின்னால உக்காந்தா, காத்து மேல ஏறி இந்தப் பக்கம் சுழண்டு விழுந்து புழுதியை மூஞ்சியில அடிக்கும். கிளுவை முள்செடியில போட்ட உயிர்வேலி அப்படியில்லைங்க, காத்தைச் சல்லடை மாதிரி சலிச்சு விடும். வேலிக்குக் கிழக்கால, ஒட்டாம நாலு எட்டுத் தள்ளி உக்காருங்க, நல்லா அமரிக்கையா இருக்கும். ஊருக்குள்ள கேட்டீங்கன்னா இட்டேரி, அதாவது வேலிக்கு நடுவுல போற மண் தடம், எங்க போகுதுன்னு சொல்வாங்க. ரெண்டு பக்கமும் வேலி இருக்கறதால தெக்க போற இட்டேரியில காத்து பாதிதான் அடிக்கும், லாரித் தொந்தரவும் இல்லை. செருப்பு மட்டும் தடிமனா வேணும். காத்துல ஒடிஞ்ச வெள்வேல மரத்து முள்ளு மண்ணுக்குள்ள கிடக்கும், ரப்பர்ச் செருப்பைத் துளைச்சுக் குதிங்கால்ல ஏறிரும். கொறங்காடுங்கற மேய்ச்சல் காட்டுக்குள்ள போறதுன்னா கேட்டுட்டுப் போங்க, வர்றப்ப வேலி வாசல்ல இருக்கற கடவைச் சாத்திட்டு வாங்க. உள்ள மாடு மேயும்.