மன்னரை வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் நாடுகள்: நடைமுறை எப்படி?

கேள்வி (புதுவாசகன்):
மலேசியாவில் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாமன்னர் மாறுகிறார். வாக்கெடுப்பு நடக்கிறது என்கிறார்கள். ஆனால் அடுத்தவர் எந்த மாநிலத்துக்காரர் என்பது முன்பே தெரிந்துவிடுகிறது. சுழற்சி முறைதான் என்றால் வாக்கு எதற்கு? தந்தைக்குப் பின் மகன் என்றில்லாமல் மன்னரைத் தேர்ந்தெடுக்கும் வேறு நாடுகள் எவை?

மறுமொழி (செங்கோல்):
வரிசையும் உண்டு, வாக்கும் உண்டு. 13 மாநிலங்களில் 9-க்குத்தான் பரம்பரை ஆட்சியாளர்கள். வேட்பாளர்கள் அவர்களே, வாக்காளர்களும் அவர்களே. பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக் ஆளுநர்களுக்கு இதில் வாக்கில்லை.

சீட்டில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும்: வரிசையில் அடுத்து நிற்பவருடையது. 'இவர் தகுதியானவரா, இல்லையா' என்று ஒவ்வொருவரும் குறிக்க வேண்டும். சீட்டில் எண் கிடையாது. யார் குறித்தது என்று தெரியக்கூடாது என்பதால் பேனாவும் மையும் எல்லோருக்கும் ஒரே மாதிரி. 5 வாக்கு கிடைக்காவிட்டாலோ, அவரே வேண்டாம் என்றாலோ, அடுத்த பெயருக்குப் போவார்கள். முடிவு அறிவித்ததும் சீட்டுகளை அழித்துவிடுவார்கள்.

வாக்கு வெறும் சடங்கல்ல என்பதற்கு 1957-ஐப் பாருங்கள். மூத்தவரான ஜோகூர் சுல்தான் வயதைக் காரணம் காட்டி மறுத்தார். அடுத்திருந்த பகாங் சுல்தானுக்குப் போதிய ஆதரவு இல்லை. அதனால் நெகிரி செம்பிலான் ஆட்சியாளர் முதல் மாமன்னரானார். முதல் சுற்றில் மாநிலங்கள் பதவி வகித்த வரிசைதான் இன்றும் தொடர்கிறது: நெகிரி செம்பிலான், சிலாங்கூர், பெர்லிஸ், திரெங்கானு, கெடா, கிளந்தான், பகாங், ஜோகூர், பேராக்.

பலர் தடுமாறும் இடம் துணை மாமன்னர் பதவி. அவர் வாரிசு அல்ல. 2019 ஜனவரியில் மாமன்னராக இருந்த கிளந்தான் சுல்தான் ஐந்தாம் முகமது பதவி விலகியபோது, துணை மாமன்னரான பேராக் சுல்தான் இடைக்காலப் பொறுப்பு மட்டுமே வகித்தார். முறை பகாங்குடையது. அங்கே மூத்த சுல்தான் உடல்நலம் குன்றியிருந்ததால் மகன் அப்துல்லா 15-ஆம் தேதி அரியணை ஏறினார், 24-ஆம் தேதி மாமன்னராகத் தேர்வானார். எஞ்சிய காலத்துக்கு அல்ல, முழு 5 ஆண்டுக்கு. கிளந்தானுக்கு மிச்சமிருந்த ஆண்டுகள் போனது போனதுதான்.

மறுமொழி (ஏட்டுச்சுவடி):
இதற்குள் இன்னொரு தேர்தலும் ஒளிந்திருக்கிறது. நெகிரி செம்பிலானில் ஆட்சியாளரையே நான்கு உண்டாங்குகள் (சுங்கை ஊஜோங், ஜெலெபு, ஜொகோல், ரெம்பாவ் பகுதிகளின் தலைவர்கள்) அரச குடும்பத்து ஆண்களிலிருந்து தேர்ந்தெடுக்கிறார்கள். தாங்களே போட்டியிட முடியாது. 2008-இல் மறைந்த ஆட்சியாளரின் மகன்களை விட்டுவிட்டு அண்ணன் மகன் முகிரிஸைத் தேர்ந்தார்கள்.

கம்போடியாவில் 9 பேர் கொண்ட அரியணை மன்றம். பிரதமர், இரு அவைகளின் தலைவர்கள், துணைத் தலைவர்கள், இரு பௌத்த சங்கங்களின் தலைவர்கள் அதில் இருக்கிறார்கள். வேட்பாளருக்கு 30 வயதாவது ஆகியிருக்க வேண்டும். ஆங் துவோங், நொரோடோம், சிசோவத் ஆகிய மன்னர்களில் ஒருவரின் வழிவந்தவராகவும் இருக்க வேண்டும். வாரிசை நியமிக்க மன்னருக்கே அதிகாரமில்லை. மன்னர் இறந்தால் 7 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. 2004 அக்டோபரில் மன்னர் சிகானுக் உயிரோடு இருக்கும்போதே விலகியதால், மன்றம் இயங்குவதற்கான சட்டத்தை அவசரமாக நிறைவேற்றிவிட்டுத்தான் 14-ஆம் தேதி சிகாமொனியைத் தேர்ந்தார்கள்.

மறுமொழி (புதுவாசகன்):
நன்றி. வத்திக்கான், அமீரகம் இவற்றையும் சேர்க்கலாமா?

மறுமொழி (செங்கோல்):
வத்திக்கானைத் தாராளமாகச் சேர்க்கலாம், அங்கே போப்தான் மன்னர். 80 வயது நிரம்பாத கர்தினால்களுக்கு மட்டும் வாக்கு, மூன்றில் இரண்டு பங்கு தேவை. 2025-இல் 133 பேர் வாக்களித்தார்கள், 89 வேண்டியிருந்தது. அமீரகம் இழுபறி. 7 ஆட்சியாளர்களும் கூடி 5 ஆண்டுக்கு அதிபரைத் தேர்கிறார்கள், ஆனால் இதுவரை எல்லோரும் அபுதாபிக்காரர்களே. அந்தோராவின் கதை இன்னும் வேடிக்கை: பிரெஞ்சு அதிபர் அங்கே இணை இளவரசர், அதாவது நாட்டுத் தலைவர் இருவரில் ஒருவர். அந்தோரா மக்களுக்குப் பிரெஞ்சு அதிபர் தேர்தலில் வாக்கே கிடையாது!

மறுமொழி (பழையகோட்டை):
வாக்காளர் வட்டம் இவ்வளவு சிறியதாக இருப்பதற்குக் காரணம் வேண்டுமென்றால் போலந்தைப் படியுங்கள். 1573 முதல் அங்கே பிரபுக்கள் எவரும் நேரில் வந்து வாக்களிக்கலாம், வெளிநாட்டாரும் போட்டியிடலாம். முதலில் தேர்வான பிரெஞ்சு இளவரசர் ஆன்றி, அண்ணன் இறந்ததும் 1574-இல் இரவோடிரவாகப் பிரான்சுக்குக் கிளம்பிவிட்டார். 1697-இல் ஒரே தேர்தலில் இருவர் மன்னராக அறிவிக்கப்பட்டனர். படையோடு முந்தி வந்த அகஸ்டஸ் (ஜெர்மானியப் பகுதியான சாக்சனியின் ஆட்சியாளர்) முடிசூடினார். 1733-இல் மறுபடி இருவர், இம்முறை ஐரோப்பியப் போரே மூண்டது. 1791-இல் வாரிசுரிமைக்கு மாறினார்கள். நான்கே ஆண்டில் நாடே பங்குபோட்டு விழுங்கப்பட்டது.