ஆக்சிடேஸ், ரீமாடலிங்: தமிழில் என்ன? (திங்களுக்குள் வேண்டும்)

நண்பர்களே, வணக்கம்.

மருத்துவ மாணவர்களுக்கான பாடம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். ஆஸ்துமாவில் மூச்சுக்குழலின் மென்தசை ஏன் பெருக்கிறது, ஏன் அளவுக்கு மீறிச் சுருங்குகிறது என்பது பொருள். அந்தத் தசையணுக்களில் நாக்ஸ்4 என்ற ஆக்சிடேஸ் (ஒருவகை நொதி) வழக்கத்தைவிட மிகுந்திருக்கிறது. அது உண்டாக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டு கேட்டுக்கும் துணைபோகிறது. ஆக்சிடேஸுக்கு 'ஆக்சிஜனேற்றி' என்றும், மூச்சுக்குழலின் சுவர் இப்படி மாறிப்போவதைச் சொல்லும் ரீமாடலிங்குக்கு 'மறுசீரமைப்பு' என்றும் போட்டு வைத்திருக்கிறேன். சரியா?

-----

ஆக்சிஜனை அப்படியே வைத்துக்கொண்டு 'ஏற்றி'யை ஒட்டினால் தமிழாகிவிடுமா? 'உயிர்வளியேற்றி' என்க. இகர விகுதி வினைமுதலைக் காட்டும், அலர்வது அலரி. ஆஸ்துமாவும் வேண்டாம், 'ஈளை' இருக்கிறது. இளை என்பதன் முதல் நீண்டு ஈளை. படு பாடானது போல.

-----

> இகர விகுதி வினைமுதலைக் காட்டும்

மண்வெட்டியில் அதே இகரம் கருவியைக் காட்டுகிறது. ஊரார் உண்ணும் நீர் ஊருணி, அங்கே செயப்படுபொருள். உங்கள் உயிர்வளியேற்றி இந்த மூன்றில் எது, ஐயா? படு, சுடு, கெடு எல்லாம் சரி. ஐகாரத்தில் முடியும் வினை ஒன்று இப்படி நீண்டதற்கு எடுத்துக்காட்டு தாருங்கள், அப்புறம் ஈளைக்கு வருவோம். அதுவும் ஈளை என்றால் பலருக்குக் கோழைதான் நினைவுக்கு வரும்.

-----

உயிர்வேதியியல் நடத்துகிறவள் என்ற முறையில் குறுக்கிடுகிறேன். 'ஆக்சிஜனேற்றி' ஏற்கெனவே குடியேறிய சொல். ஹைட்ரஜன் பெராக்சைடையே அப்படித்தான் அழைக்கிறோம். நொதிக்கும் அதே பெயர் வைத்தால், "ஆக்சிஜனேற்றி ஆக்சிஜனேற்றியை உண்டாக்குகிறது" என்று பாடத்தில் வரும். மாணவர் புத்தகத்தை மூடிவிடுவார்.

இன்னொன்று. நாக்ஸ் எதன்மீதும் ஆக்சிஜனை ஏற்றுவதே இல்லை! என்.ஏ.டி.பி.எச். என்ற மூலக்கூறிடம் எலக்ட்ரானை வாங்கி ஆக்சிஜனிடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். ஆக்சிஜனைக் கொண்டுபோய் வேறொரு மூலக்கூறில் பொருத்தும் நொதிக்கு ஆக்சிஜனேஸ் என்று பெயர். 'ஏற்றி'யை அதற்கு விட்டுவையுங்கள்.

-----

பொருள் பொருந்தவில்லை என்கிறீர்கள் அம்மா. மூலப்பெயர் மட்டும் பொருந்துகிறதா? 'அமிலம் பிறப்பிப்பது' என்று நினைத்துத்தான் வேதியியலாளர் லவோசியே கிரேக்கத்தில் ஆக்சிஜன் என்று பெயர் வைத்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் ஏது? பிழையான கிரேக்கத்தைப் பொறுத்துக்கொள்கிறவர்களுக்குத் தமிழ் என்றால் மட்டும் பூதக்கண்ணாடி.

-----

இலங்கையில் நாங்கள் ஒட்சிசன், ஒட்சியேற்றம், நொதியம் என்று படித்தவர்கள். 'ஒட்சியேற்ற நொதியம்' எங்களுக்கு இடறாது. உங்கள் மென்தசை எங்களுக்கு மழமழப்பான தசை. அதையும் இப்போதே கிளப்பவில்லை, பயப்பட வேண்டாம்.

-----

எல்லோரும் ஆக்சிஜனிலேயே நிற்கிறீர்கள். எனக்கு உறுத்துவது 'மறுசீரமைப்பு'. தசையணுக்கள் எண்ணிக்கையில் பெருகி, ஒவ்வொன்றும் பருத்து, சுவர் தடித்து, குழல் குறுகிப்போகிறது. நோயாளி மூச்சுக்குத் திணறுகிறார். இதில் சீர் எங்கே இருக்கிறது? 'தடிப்பு' என்று சுருக்கலாம் என்றால், மேல்சவ்வுக்கு அடியில் நார்த்திசு படிவதும் சளி சுரக்கும் அணுக்கள் மிகுவதும் விட்டுப்போகும். 'உருமாற்றம்' தலைப்பிரட்டை தவளையாவதற்குப் போய்விட்டது. நோயாளிகளின் வீட்டாரிடம் 'கட்டமைப்பு மாற்றம்' என்றுதான் சொல்கிறேன். மந்தமான சொல்தான், ஆனால் பொய் சொல்லாது.

-----

வைத்தியரின் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டேன், நன்றி. மற்றதற்கு 'ஆக்சிடேஸ் நொதி' என்று போட்டு அனுப்புகிறேன். தனிமடலில் எழுதிய மூவரும் இதற்கே சரி என்றார்கள். ஆஸ்துமா ஆஸ்துமாவாகவே இருக்கட்டும்.

-----

ஏஸ் என்று முடிந்தாலே நொதிதானே? 'ஆக்சிடேஸ் நொதி' என்பது நடு சென்டர் மாதிரி இருக்கிறது. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஐகார ஈற்றுக்கு எடுத்துக்காட்டு இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்ததும் இதே இழையில் எழுதுகிறேன்.