ஊருக்குப் போகிறவர்கள் இரவு தங்குங்கள்

அன்பான உறவுகளே, வணக்கம்.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு நம் ஊரான, யாழ்ப்பாணத்தை அடுத்த கடலில் உள்ள நெடுந்தீவுக்குப் போகவிருக்கும் குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள். காலையில் குறிகட்டுவான் துறையில் படகேறி, பருத்த அடிமரமுள்ள பெருக்குமரம் (பாவோபாப்), ஒல்லாந்தர் கோட்டை, பழைய புறாக்கூடு என்று ஓடி ஓடிப் படமெடுத்துவிட்டுப் பின்னேரப் படகில் திரும்பிவிடாதீர்கள். சுற்றுலா வருகிறவர்களுக்கு அது போதும். நம் பிள்ளைகளுக்குப் போதாது.

கடைசிப் படகு போன பிறகுதான் தீவு தன் பாட்டுக்கு மூச்சுவிடத் தொடங்குகிறது. ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர் நிலம்; இருப்பதோ சில ஆயிரம் பேர். வெயில் தாழ்ந்ததும் விளையாட்டுத் தொடங்கும். ஆள் போதாவிட்டால் வேடிக்கை பார்க்க வந்தவரையும் இழுத்துச் சேர்த்துக்கொள்வார்கள். மொழி தடுமாறும் பிள்ளைக்கு அதைவிட நல்ல அறிமுகம் கிடையாது. பெரியவர்கள் வேலியோரம் கதைத்துக்கொண்டிருப்பார்கள். அந்த முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) வேலியைக் கிட்ட நின்று பார்க்கச் சொல்லுங்கள். சாந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை. ஒரு கல்லின் முனை அடுத்த கல்லின் பள்ளத்தில் பொருந்தி நிற்கிறது. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று அந்த இடைவெளிகளால் புகுந்து போகும், வேலி அசையாது.

ஆடி, ஆவணியில் போனால் பனம்பழக் காலம். இருட்டில் 'தொப்' என்று பழம் விழும் சத்தம் கேட்டதும் யார் முதலில் ஓடுகிறாரோ அவருக்கே பழம். சுட்டுச் சூப்பும்போது கையும் வாயும் மஞ்சளாகட்டும், தடுக்காதீர்கள். மார்கழி, தையில் போகிறவர்கள் பாக்கியசாலிகள். அப்போது வாடைக்காற்றில், காற்றுப்பட்டு ஒலிக்கும் விண் என்ற நாண் பூட்டிய பட்டங்கள் ஏறும். கயிற்றைப் பனையில் கட்டிவிட்டுப் படுத்தால் இரவு முழுவதும் அந்த ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருக்கும். இதை எந்தக் கைபேசியில் பதிந்து கொடுப்பது?

குதிரைகளைப் பார்க்கத் தெற்குப் பக்க வெளிக்கு விடியற்காலையில் போங்கள். அவை வளர்ப்புக் குதிரைகள் அல்ல, ஐரோப்பியர் காலத்தில் வந்தவற்றின் வழிவந்து தாமாகவே திரிபவை. குட்டியோடு நிற்பவற்றைத் துரத்திப் படமெடுக்கும் பழக்கம் அதிகரித்துவிட்டது. தயவுசெய்து நம்மவர்கள் அதைச் செய்யக்கூடாது. கோடையில் அவை தண்ணீருக்குப் படும் பாடு கண்கொண்டு பார்க்க முடியாதது.

தண்ணீர் நமக்கும் அப்படித்தான். நிலத்தடியில் உவர்நீருக்கு மேல் மெல்லிய படையாகத்தான் நல்ல தண்ணீர் நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவராகிவிடும். ஆகவே குளியலைச் சுருக்குங்கள். பிள்ளைகளுக்கும் முதலிலேயே சொல்லிவையுங்கள்.

கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. விமானத்துக்கு முந்தைய நாள் வரை தீவில் நிற்காமல், இரண்டு நாளாவது இடைவெளி விடுங்கள். தங்குவதற்கு உறவினர் வீடு இல்லாதவர்கள் எனக்குத் தனிமடல் எழுதுங்கள். ஊரில் உள்ளவர்களிடம் கேட்டு ஒழுங்கு செய்து தருகிறேன்.